கரையில் கட்டிய கப்பல் புகை விடுவது எப்படி? கரிசல்காட்டு அண்ணாச்சிக்குச் சில சட்ட யோசனைகள்

கப்பலும் வக்கீலும் சேர்ந்த தொழில் கரிசல்காட்டுக்குப் புதிதல்ல. ஒட்டப்பிடாரத்து வக்கீல் ஒருவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். காலியா, லாவோ என்று இரண்டு நீராவிக் கப்பல்களைக் கொண்டுவந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓட்டவும் செய்தார். வெள்ளைக்காரன் அவர் மேல் போட்டது ராஜத்துரோக வழக்கு. கப்பல் எவ்வளவு கரி எரித்தது, எவ்வளவு புகை கக்கியது என்று அந்த நாளில் எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை. இப்போது உலகத்தில் பல ஊர்களில் கேட்கிறார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டி.

தீப்பெட்டியிலும் கடலை மிட்டாயிலும் உளுந்து மண்டியிலும் நாலு காசு பார்த்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் கோவில்பட்டி அண்ணாச்சிமார்கள் கப்பல் வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும். லாரி வாங்கினால் எஃப்.சி., பெர்மிட், புகைச் சான்றிதழ் என்று வருஷம் முழுக்க அலைச்சல். கப்பலில் அந்தத் தொல்லையில் பாதி கிடையாது. மீதிப் பாதியைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். எப்படி என்று கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

தேவையானவை

கப்பல்: 1. கொடி எந்த நாட்டுடையதாகவும் இருக்கலாம். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் மூன்றும் எப்போதும் கிடைக்கும்.

வக்கீல்: 3. சென்னையில் ஒருவர், டெல்லியில் ஒருவர், கப்பல் போகிற ஊரில் ஒருவர்.

சங்கம்: 1. வழக்கைச் சொந்தப் பெயரில் போடக் கூடாது. நாளைக்குப் பேப்பரில் பெயர் வந்தால் சம்பந்தி வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கந்தகம்: விதி விடுகிற அளவு.

காலம்: தாராளமாக.

படி 1: கட்டிப் போட்ட கப்பல் ஏன் புகைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கரைக்கு வந்து கயிறு கட்டியதும் கப்பலின் பெரிய எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். ஆனால் கப்பல் தூங்குவதில்லை. விளக்கு, சமையல், குளிர்சாதனம், பம்பு, சரக்கு இறக்குகிற கிரேன் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அதற்காக ஜெனரேட்டர் வேலை பார்க்கும் உதவி எஞ்சின்கள் இரவும் பகலும் ஓடும். எண்ணெயைச் சூடாக்க பாய்லர் வேறு எரியும். நிலக்கரியோ உரமோ இறக்க நாலு நாள் ஆனால் நாலு நாளும் புகைபோக்கி மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

அந்தப் புகையில் முக்கியமான சரக்கு கந்தகம். உங்களுக்குக் கந்தகத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தீக்குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட்டோடும் வஜ்ரத்தோடும் கலந்து தோய்ப்பதே அதைத்தானே. உரசியதும் சுருக்கென்று மூக்கில் ஏறுகிற அந்த நெடி நமக்கெல்லாம் சோறு போட்ட நெடி. குச்சியில் அது ஒரு விநாடி சமாச்சாரம். கப்பலில் டன் கணக்கு.

இப்போது ஒரு கணக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் நம்மூர் பங்க்கில் விற்கிற பி.எஸ். 6 டீசலில் பத்து லட்சம் பங்குக்குப் 10 பங்கு கந்தகம்தான் இருக்கலாம். அதே 2020 ஜனவரி 1 முதல் உலகக் கப்பல்கள் எரிக்கிற எண்ணெயில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி. 0.5 சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 5,000. எட்டயபுரம் ரோட்டில் போகிற லாரியைவிட உங்கள் கப்பலுக்கு 500 மடங்கு சலுகை. இதைக் கடுமையான விதி என்று கப்பல்காரர்கள் புலம்பினார்கள். அதற்கு முன்னால் இருந்த 3.5 சதவீதத்தோடு பார்த்தால் அந்தப் புலம்பலிலும் ஒரு நியாயம் தெரியும்.

படி 2: நம்மூர்ச் சட்டத்தைப் படியுங்கள், படித்ததும் ஒரு சர்பத் குடியுங்கள்

வழக்குப் போட வேண்டுமானால் முதலில் விதி வேண்டும். இங்கேதான் அண்ணாச்சிக்கு அதிர்ஷ்டம்.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-ல் வந்தது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு என்னென்ன வேலை என்று அதன் 17-வது பிரிவு பட்டியல் போடுகிறது. தொழிற்சாலை விடுகிற புகைக்கு அளவு வைக்கலாம். மோட்டார் வண்டி விடுகிற புகைக்கு அளவு வைக்கலாம். வேறு எந்த மூலத்திலிருந்து புகை வந்தாலும் அளவு வைக்கலாம். இப்படி அகலமாகக் கையை விரித்துக்கொண்டு வந்த சட்டம், கடைசியில் ஒரு சின்னத் தொடரைச் சொருகுகிறது: கப்பலும் விமானமும் நீங்கலாக.

ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பாருங்கள். புழுங்கல் அரிசி மில் புகைபோக்கி உண்டு, நூற்பாலை பாய்லர் உண்டு, செங்கல் சூளை உண்டு, ஜெனரேட்டர் உண்டு. கப்பல் மட்டும் இல்லை. துறைமுக வாசலில் லோடுக்காகக் காத்துக்கிடக்கும் கோவில்பட்டி லாரி டிரைவரிடம் புகைச் சான்றிதழ் கேட்பார்கள். அது கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் இருக்க வேண்டும், தேதி தாண்டியிருந்தால் அபராதம். அவர் தலைக்கு மேலே கருமேகம் விட்டுக்கொண்டு நிற்கிற கப்பலுக்கு மாநில வாரியம் அளவுகோலே வைக்க முடியாது.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற உங்கள் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லாதீர்கள், வயிறு எரியும். 2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் அவர்களுடைய பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு வந்தது. சரவெடி கூடாது, பேரியம் கூடாது, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடி. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். தீபாவளி நாளில் மொத்தமே இரண்டு மணி நேரம். கப்பல் வருஷத்தில் எந்த நாளும் வரலாம், எத்தனை மணி நேரமும் நிற்கலாம்.

அதற்காக நம் கப்பலைக் கேட்க நாதியே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். மும்பையில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் இருக்கிறது. உலக விதியான 0.5 சதவீதத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எண்ணெய் ஏற்றும்போது, கப்பலுக்கு எண்ணெய் விற்கிற பங்க்கர் கம்பெனி ஒரு சீட்டு கொடுக்கும், கந்தகம் எத்தனை சதவீதம் என்று எழுதி. அந்தச் சீட்டை மூன்று வருஷம் கப்பலில் வைத்திருக்க வேண்டும். கூடவே, ஏற்றிய எண்ணெயில் ஒரு பாட்டில் மாதிரி எடுத்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுக் குறைந்தது பன்னிரண்டு மாசம் பத்திரப்படுத்த வேண்டும். சீட்டையும் பாட்டிலையும் தொலைக்காத கணக்குப்பிள்ளை ஒருவரைக் கப்பலில் போடுங்கள். உளுந்து மண்டியில் பழகியவராக இருந்தால் நல்லது.

கரையில் கட்டிய நேரத்துக்கென்று ஐரோப்பாவில் தனி விதி உண்டு. 2010 ஜனவரி முதல், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டி நிற்கிற கப்பல் 0.1 சதவீதத்துக்கு மேல் கந்தகம் எரிக்கக் கூடாது. தூத்துக்குடியில் நடுக்கடலுக்கு என்ன அளவோ அதுதான் கரைக்கும். ஆகவே உள்ளூரில் நீங்கள் வழக்கே போட வேண்டாம். எதிர்க்க ஒரு விதி இருந்தால்தானே?

படி 3: வெளியூரில் மாட்டினால், 'உனக்கு அதிகாரம் இல்லை' என்று ஆரம்பியுங்கள்

உளுந்து வாங்கப் பர்மா போகிறவரை பிரச்சினை இல்லை. ஆசைப்பட்டு அமெரிக்கா வரை போனால் கலிஃபோர்னியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கேயும் ஒரு காற்று வாரியம். நம்மூர் வாரியத்துக்கு இல்லாத துணிச்சல் அதற்கு.

கப்பலின் உதவி எஞ்சின் விடுகிற புகைக்கு அந்த வாரியம் ஒரு விதி போட்டு, 2007-ல் அமலுக்குக் கொண்டுவந்தது. கரையிலிருந்து 24 கடல் மைலுக்குள் வந்தால் இந்த அளவுக்குமேல் புகை கூடாது என்றது. பசிபிக் வணிகக் கப்பல் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. சங்கம் ஏன் வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

அவர்கள் வைத்த வாதத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புகை நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே அவர்கள் போகவில்லை. எஞ்சின் புகைக்கு அளவு வைக்க வேண்டுமென்றால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும், வாங்கினாயா என்று மட்டும் கேட்டார்கள். வாங்கவில்லை. 2008 பிப்ரவரியில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதுதான் பாலபாடம். புகையைப் பற்றிப் பேசினால் டாக்டர் வருவார், குழந்தை வரும், எக்ஸ்ரே படம் வரும். அதிகாரத்தைப் பற்றிப் பேசினால் வக்கீல்கள் மட்டும் வருவார்கள்.

படி 4: ஜெயித்துவிட்டால் ஜாக்கிரதையாக இருங்கள்

மேலே சொன்ன கதையை அங்கேயே நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து விருந்து வைக்கிறவர்கள் உண்டு. மிச்சத்தையும் கேளுங்கள்.

தோற்ற வாரியம் தீர்ப்பை உட்கார்ந்து படித்தது. எஞ்சின் புகைக்கு அளவு வைத்தால்தானே அனுமதி வேண்டும்? 2009-ல் புது விதி எழுதினார்கள். அதில் புகை அளவு இல்லை. கப்பலில் எந்த எண்ணெயை எரிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. முன்னே உதவி எஞ்சினோடு நின்ற விதி, இப்போது பெரிய எஞ்சினையும் பாய்லரையும் சேர்த்துப் பிடித்தது. 24 மைல் அப்படியே இருந்தது.

சங்கம் மறுபடி போனது. மாநிலத்தின் எல்லை கரையிலிருந்து மூன்று மைல்தான், 24 மைலில் உனக்கு என்ன வேலை என்று கேட்டது. அடிப்படையில் அதே அதிகார வாதம்தான், தூரத்தைக் காட்டிச் சொன்னார்கள். வாரியமோ இந்தத் தடவை கணக்கோடு வந்திருந்தது. விதி வந்தால் முதல் ஆறு வருஷத்தில் சுமார் 3,500 பேர் அகாலமாகச் சாவது தடுக்கப்படும் என்றது. 2011 மார்ச்சில் அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் விதியைத் தடுக்க மறுத்தது. 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சங்கத்தின் மனுவை எடுக்கவே இல்லை.

அண்ணாச்சி, இதைவிட அபாயமான வெற்றி வேறு இல்லை. உங்கள் வக்கீல் நன்றாக வாதாடி ஒரு விதியை உடைத்தால், எந்த இடத்தில் ஓட்டை என்று எதிராளிக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தவர் ஆகிறார். ஆகையால் ஜெயிக்க வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் போதும்.

படி 5: நான் அந்த ஜாதிக் கப்பல் இல்லை என்று சொல்லுங்கள்

விதி எந்த வகைக் கப்பலுக்கு என்று பார்த்து, அந்த வகையிலிருந்து விலகிக்கொள்வது இன்னொரு வித்தை. இத்தாலியில் நடந்திருக்கிறது.

எம்.எஸ்.சி. ஆர்கெஸ்ட்ரா என்ற உல்லாசக் கப்பல் 2008 ஜூலையில் ஜெனோவா துறைமுகத்தில் நின்றது. எண்ணெயில் 1.5 சதவீதத்துக்கு மேல் கந்தகம். ஐரோப்பிய விதிப்படி, வாடிக்கையாக ஓடுகிற பயணிகள் கப்பலுக்கு அப்போது அதுதான் உச்ச அளவு. துறைமுக அதிகாரிகள் அபராதம் போட்டார்கள். கப்பல் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆள் ஏற்றுகிறவர்கள் இல்லை, சுற்றிக் காட்டிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து இறக்குகிறவர்கள், எங்களுக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும் என்றது. கயத்தாறு மினி பஸ்காரர் சுற்றி வந்து அதே ஸ்டாண்டில் நிறுத்துவதால் தனக்கு பஸ் பெர்மிட் வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

அது ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனது. 2014 ஜனவரி 23-ல் தீர்ப்பு. குறித்த நாளில், குறித்த நேரத்தில், திரும்பத் திரும்பப் போய்வந்தால் அதுவும் வாடிக்கைச் சேவைதான் என்று சொல்லிவிட்டார்கள். தோல்விதான். ஆனால் அண்ணாச்சி கவனிக்க வேண்டியது நடுவே ஓடிய ஐந்தரை வருஷத்தை.

கலிஃபோர்னியாவிலும் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று நடந்தது. கரையில் கட்டிய கப்பல் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரண்ட் வாங்க வேண்டும் என்ற விதியை 2007-ல் கன்டெய்னர், உல்லாச, குளிர்பதனக் கப்பல்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2020-ல் அதை எண்ணெய்க் கப்பலுக்கும் கார் ஏற்றும் கப்பலுக்கும் நீட்டினார்கள். எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கம் வழக்குக்குப் போனது. எண்ணெய்க் கப்பலில் இதெல்லாம் ஆபத்து, கொடுத்த நாளும் போதாது என்பது வாதம். தொழிலாளியின் உயிரைப் பற்றி முதலாளிகள் கோர்ட்டில் கவலைப்படுகிற அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று. வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: புகையைக் கழுவுங்கள்

விலை கூடிய எண்ணெய் வாங்க மனசு இல்லையா? அதற்கும் வழி உண்டு. ஸ்க்ரப்பர் என்று ஒரு சாதனம். பழைய கந்தக எண்ணெயையே எரிக்கலாம். புகைபோக்கிக்குள் கடல் தண்ணீரைப் பீய்ச்சிப் புகையைக் குளிப்பாட்டும். மேலே போகிற புகை சுத்தம். குளிப்பாட்டிய தண்ணீரோ அமிலமும் கரியுமாகத் திரும்பக் கடலில் விழும். காற்று விதி சொன்னபடி நடந்தாயிற்று. கடலுக்கு வேறு விதி, வேறு அதிகாரி, வேறு ஃபைல்.

சில ஊர்களில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிங்கப்பூர் 2020 ஜனவரி முதல் அந்தத் தண்ணீரைத் துறைமுகத்தில் விடக் கூடாது என்றது. டென்மார்க் 2025 ஜூலை முதல் 12 மைல் எல்லைக்குள் விடக் கூடாது என்றது. ஆகவே அந்த ஊர்களுக்குப் போகும்போது மட்டும் நல்ல எண்ணெய்க்கு மாறிக்கொள்ளுங்கள். நல்ல சட்டைக்கும் ஊர் பார்த்துத்தானே இஸ்திரி போடுகிறோம் என்று உங்கள் எஞ்சினியரிடம் சொல்லாதீர்கள், அவருக்கு இந்த விவரம் ஏற்கெனவே தெரியும்.

படி 7: பிளக் பொருந்தவில்லை என்று சொல்லுங்கள்

நம் மத்திய அரசு 2023 மே மாதம் ஹரித் சாகர் என்று பசுமைத் துறைமுகங்களுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டது. கரையிலிருந்து கப்பலுக்குக் கரண்ட் கொடுக்கிற யோசனை அதில் இருக்கிறது. வழிகாட்டுதல் என்ற அளவில் நிற்பதால் நீங்கள் படபடக்க வேண்டாம். என்றாலும் ஒரு நாள் துறைமுக அதிகாரி கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் என்ன சொல்வது?

முதல் பதில் உண்மையானது, அதனால் தைரியமாகச் சொல்லலாம். நம்மூர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கப்பல்கள் ஓடுவது 60 ஹெர்ட்ஸில். நடுவே மாற்றிக் கொடுக்கிற பெரிய கருவி வேண்டும். அதைத் துறைமுகம் வாங்கட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். கப்பல்காரன் வாங்கட்டும் என்று துறைமுகம் சொல்லும். இந்த உரையாடல் ஒரு பத்து வருஷத்துக்குத் தாங்கும்.

இரண்டாவது பதில், கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம். அதற்குத் துணையாக என்.எல்.சி. கூட்டு நிறுவனத்தின் 1,000 மெகாவாட் நிலையம். இரண்டும் கப்பலில் வருகிற நிலக்கரியை எரிப்பவை. என் கப்பலை அணைத்துவிட்டு, என் கப்பல் கொண்டுவந்த கரியை அங்கே எரித்து, அந்தக் கரண்ட்டை எனக்கே விற்பதா என்று கேட்டால் கூட்டத்தில் கை தட்டுவார்கள்.

இந்த வாதத்தைக் கயத்தாறுக்காரர்கள் இருக்கிற கூட்டத்தில் மட்டும் வைக்காதீர்கள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் நாற்கரச் சாலைக்கு இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஆடி மாசம் மேல்காற்று அடிக்கிற அடியில் மின்வாரியம் இவ்வளவு கரண்ட்டை வாங்கி என்ன செய்வது என்று திணறுகிற நாட்களும் உண்டு. நாட்டின் முதல் காற்றாலைகளில் சில 1986-ல் தூத்துக்குடிக் கரையில்தான் நட்டார்கள். கம்பும் பருத்தியும் விளையாமல் போன காட்டில் காற்றாவது விளைகிறதே, அதைக் கப்பலுக்கு விற்றால் என்ன என்று யாராவது ஒரு சம்சாரி எழுந்து கேட்டால், உங்கள் மூன்று வக்கீல்களிடமும் அதற்குப் பதில் இருக்காது.

படி 8: காலத்தைக் கையில் வைத்திருங்கள்

புகை வழக்கு எவ்வளவு நாள் ஓடும் என்று அறிய நாம் ஜெனோவா போக வேண்டியதில்லை. தூத்துக்குடியில் கப்பலில் தாமிரத் தாது இறக்கி உருக்கிய ஸ்டெர்லைட் ஆலையின் கதை போதும்.

ஆலைக்கு எதிரான மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 1996-ல் போனது. 2010 செப்டம்பர் 28-ல் மூடச் சொல்லித் தீர்ப்பு. அடுத்த சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 2013 ஏப்ரல் 2-ல் மூட வேண்டாம், 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டினால் போதும் என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பத்து நாள் முன்னால்தான் ஊரில் வாயு பரவி மக்கள் மூச்சுத் திணறியிருந்தார்கள். அதற்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடியது, பசுமைத் தீர்ப்பாயம் திறந்தது.

2018-ல் வாரியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. மே 22-ல் ஆலையை மூடச் சொல்லி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகப் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்துப்போனார்கள். பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஒரு பெண் பிள்ளையும் அதில் ஒருத்தி. மே 28-ல் ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது.

வழக்கு அதற்கு அப்புறமும் ஓடியது. அந்த டிசம்பரில் தீர்ப்பாயம் திறக்கச் சொன்னது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்றது. படி 3-ல் சொன்ன வாதம், இந்தத் தடவை ஆலைக்கு எதிராகத் திரும்பியது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ஆலையின் மனுக்களைத் தள்ளியது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. 1996-லிருந்து எண்ணினால் 28 வருஷம்.

இந்தப் படியில் உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலே உள்ள தேதிகளை வக்கீல் ஒரு மாதிரி படிப்பார், ஆலைக்குப் பக்கத்துக் குமரெட்டியாபுரத்தில் இருப்பவர் வேறு மாதிரி படிப்பார்.

அண்ணாச்சிமார் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

*கப்பல் நிற்பது தூத்துக்குடியில். கோவில்பட்டி அறுபது கிலோமீட்டர். நம்மை அந்தப் புகை என்ன செய்யும்?*

ஆடியில் மேல்காற்று அதைக் கடலுக்குத் தள்ளும், ஐப்பசியில் கொண்டல் கரைக்குத் திருப்பும். நம் வீட்டு மொட்டை மாடிக்கு வருகிறதோ இல்லையோ, கப்பலுக்குக் கீழே சரக்கு இறக்குகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், லாரியில் காத்திருக்கிறவர் எல்லாம் விளாத்திகுளத்திலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் மழை பொய்த்த வருஷத்தில் வேலைக்குப் போனவர்கள். புகை நம்மைத் தேடி வராவிட்டாலும் நம் ஆட்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

*விதி போட்டால் சரக்குக் கூலி ஏறி, பருப்பு விலை ஏறாதா?*

ஏறும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றுங்கள். ஒரு கப்பலில் பல்லாயிரம் டன் வருகிறது, கூடுதல் செலவைக் கிலோவுக்குப் பிரித்தால் என்ன வரும் என்று மண்டிக் கணக்குப்பிள்ளையே மனக்கணக்காகப் போட்டுவிடுவார். அவரை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

*புகையைப் பற்றிப் புகார் வந்தால் யாரிடம் போகும்?*

மாநில வாரியத்திடம் போனால் கப்பல் எங்கள் கணக்கில் இல்லை என்பார்கள். அது சட்டப்படி சரியான பதில். துறைமுகத்திடம் போனால், அது மத்திய அரசின் பெருந்துறைமுகம், 2021-ம் வருஷச் சட்டப்படி நடக்கிறது, கப்பல் எண்ணெய் விஷயத்தை மும்பையில் கேளுங்கள் என்பார்கள். மும்பையில் பங்க்கர் சீட்டைப் பார்ப்பார்கள். 0.5 சதவீதம் என்று இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும். மனுக் கொடுத்தவருக்கு இருமல் மட்டும் மிச்சம் இருக்கும்.

*அப்படியானால் கப்பல் தொழிலில் நான் பயப்பட வேண்டியதே இல்லையா?*

வழக்குக்குப் பயப்பட வேண்டாம். வழக்கு உங்கள் ஆடுகளம். பயப்பட வேண்டியது, யாராவது உட்கார்ந்து ஒரு வரி எழுதிவிடுவார்களோ என்றுதான். கரையில் கட்டிய கப்பல் 0.1 சதவீதத்துக்கு மேல் எரிக்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி. அதை எழுத மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 1986-ம் வருஷச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறது. 1958-ம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. புதுச் சட்டம் வந்தால் அதன் கீழ் புது விதிகளும் எழுதத்தான் வேண்டும். எழுதுகிற நேரத்தில் யார் குரல் அங்கே கேட்கிறதோ அவர்கள் சௌகரியத்துக்குத்தான் வரி அமையும். 1981-ல் கப்பலை நீக்கிவிட்டு எழுதியபோது உப்பளத்துக்காரரையும் சுமை தூக்குகிறவரையும் கூப்பிட்டா கேட்டார்கள்?

அதனால் கடைசி யோசனை இதுதான். வக்கீலுக்குக் கொடுக்கிற பீஸில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து, ஊரில் யாரும் 17-வது பிரிவைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சிரமம்தான். அந்த வரியை எழுதச் சொல்லி டெல்லிக்கு மனுப் போட ஒருவருக்குக் கப்பலும் வேண்டாம், சங்கமும் வேண்டாம். சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கமும் ஒரு வெள்ளைத்தாளும் போதும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமும் இல்லை.